ஆறாம் படிச் சிவப்பு

“சார், அந்த ஏழாம் நம்பர் சைட்ட எனக்குக் குடுங்க. பொழுது போனப்புறம் வெளிய வச்சிப் பாக்கணும்.”

பிரபாவதி இப்படிக் கேட்டபோது மேனேஜர் பக்தவத்சலம் தயிர்சாதத்துக்கு நார்த்தங்காய் ஊறுகாயைக் கிள்ளிக்கொண்டிருந்தார். கிள்ளிய விரல் கிள்ளியபடியே நின்றது. எதிர் மேசையில் சூப்பர்வைசர் ஞானம்பாள் டிபன் பாக்ஸ் மூடியைத் தவறவிட்டாள். அது உருண்டு போய்ச் சுவரில் மோதி அடங்கியது.

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அவளுக்கு எல்லோரும் சொல்லியாயிற்று. காலையில் அம்மா கன்னியம்மா மீன் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே சொன்னாள். முந்தின நாள் அண்ணன் ஏழுமலை சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ஞானம்பாள் பாத்ரூம் வாசலில் மடக்கி, “உங்க அண்ணன் விஷயத்த ஆபீசுக்குள்ள கொண்டாராத பிரபா, நல்லதுக்குச் சொல்றேன்” என்றாள். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுத்தான் இப்போது வந்து கேட்டு நின்றாள்.

அந்தச் சைட்டு ஒரு சாண் நீளத்தில் கறுப்புக் குழல். துப்பாக்கியின் முதுகில் பூட்டிக் கண்ணை வைத்தால் தூரத்து ஆளை நாலு மடங்கு கிட்டே கொண்டுவந்து காட்டும். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. நாலென்றால் நாலுதான். நடுவில் சின்னதாக ஓர் அம்புக்குறி. பக்கத்துத் திருகைத் திருப்பினால் அது சிவப்பாக எரியும். ஒன்றாம் படியில் மங்கல், ஆறாம் படியில் பளீர்.

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கரையை ஒட்டின மாடிக் கட்டடத்தில் அந்தக் கம்பெனி இருந்தது. லென்சை வெளியே வாங்கிக் குழலில் பொருத்திச் சோதித்து அனுப்புவார்கள். சோதிக்கும் பெஞ்சில் பிரபாவதிக்கு வேலை. தாங்கியில் இறுக்கிய சைட்டுக்குள் கண்ணை வைத்து எதிர்ச் சுவரில் ஒட்டிய கோட்டுப் படத்தைப் பார்க்க வேண்டும். கோடு பிசிறடிக்கிறதா, லென்சில் தூசி நிற்கிறதா, சிவப்பு எரிகிறதா. நாள் முழுக்க அதுதான். பவுடர் போட்டுக்கொண்டு வரக் கூடாது, பூ வைக்கக் கூடாது. கண்ணுக்கு மை கூடவே கூடாது. மை கண் வைக்கிற ரப்பர் வளையத்தில் ஒட்டும், ரப்பரிலிருந்து லென்சுக்குப் போகும். பள்ளிக்கூட நாளிலிருந்து மை இல்லாமல் வாசல் தாண்டாதவள், வேலைக்குச் சேர்ந்த அன்று மை டப்பாவை மாடக்குழியில் வைத்தாள். அது அங்கேயே கிடந்தது.

திருவிடந்தைக் குப்பத்தில் காலேஜ் வாசல் மிதித்த முதல் பெண் அவள். பி.எஸ்.சி. பிசிக்ஸ். வலை பிரித்துக்கொண்டிருக்கும் பையன்கள் கேலி செய்வார்கள்.

“இன்னா பிரபா, அம்மாம் பட்ச்சிட்டு சைட்டு அடிக்கிற வேலயா?”

“ஆமாண்டா. நீ அடிச்சா செருப்படி, நா அடிச்சா சம்பளம்.”

அதற்குமேல் எவனும் வாயைத் திறக்க மாட்டான்.

புரட்டாசியில் ஆயுதப்படைப் போலீசுக்கு அந்தச் சைட்டைக் காட்டினார்கள். செங்கல்பட்டுக்கு அந்தாண்டை மலையடிவாரத்தில் சுடும் மைதானம். சுட்டுப் பார்த்துச் சொல்லப் பொறுக்கி எடுத்த போலீஸ்காரர்களில் ஏழுமலையும் ஒருத்தன். அண்ணன் கையில் தான் துடைத்த சைட்டு என்று பிரபாவதிக்கு அன்று காலில் சக்கரம் கட்டின மாதிரி இருந்தது.

முதல் நாள் உச்சி வெயிலில் சுட்டார்கள். வெள்ளை மணல் கண்ணைக் குத்தும் வெயில். அதிலே கீழ்ப்படிச் சிவப்பு எப்படித் தெரியும்? “லைட்டு எரியவே இல்லையேய்யா” என்று பெரிய அதிகாரி பக்தவத்சலத்தை எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டார். மனிதர் முகம் செத்துத் திரும்பி வந்தார். அன்று சாயங்காலமே எல்லாத் திருகையும் ஆறாம் படிக்குத் திருப்பி, யாரும் அசைக்காதபடி மேலே கறுப்பு டேப்பைச் சுற்றச் சொன்னார். கரன்ட் வேலைக்குச் சுற்றுகிற டேப். சுற்றினது பிரபாவதி. இழுத்து, இறுக்கி, முனையை நகத்தால் அழுத்தி ஒட்டினாள். வேலை சுத்தம் என்று அவர் பாராட்டவும் செய்தார்.

மறுநாள் மழை குறுக்கே வந்ததால் சுடுவது பொழுது சாயும்வரை இழுத்துக்கொண்டு போனது. அட்டை மனிதர்களைத் தூக்கி நிறுத்துகிற பள்ளத்தில் முனிசாமி என்ற வயசாளி இருந்தார். காற்றில் ஓர் அட்டை சாய்ந்துவிட, சுட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து அதை நிமிர்த்த எழுந்தார். ஏழுமலையிடம் ஒரு தோட்டா மிச்சம் இருந்தது. அதைச் சுட்டான். தோட்டா கல்லில் பட்டுச் சிதறி, சில்லு கிழவரின் தோளைக் கிழித்தது. உயிர் பிழைத்தார். கை இன்னும் தூக்க வரவில்லை.

சைட்டுகள் கம்பெனிக்குத் திரும்பி வந்தன. பக்தவத்சலமே பெஞ்சில் உட்கார்ந்து ஏழாம் நம்பரைத் தாங்கியில் மாட்டி, டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தார். கோடு சுத்தம். சிவப்பு எரிகிறது. சைட்டில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். அப்படியானால் குறை யாரிடம்? ஏழுமலையிடம். வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, வருகிற திங்கட்கிழமை செங்கல்பட்டில் விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

பக்தவத்சலம் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“உக்காரும்மா. திங்கக்கிழமை உங்க அண்ணன் போய், கவனக்குறைவுதான், மன்னிச்சுக்குங்கன்னு சொல்லட்டும். ஒரு இன்கிரிமென்ட் போவும், அவ்வளவுதான். நான் பேசிட்டேன். இதுல நீ எதைக் கிளறப் போற?”

“ஒண்ணையும் கிளறல சார். இத்த இருட்டுல வச்சி நாம ஒருதபாகூடப் பாத்ததில்ல. பத்து மணிக்கு வரோம், டியூப்லைட்ட போட்டுகினு பாக்கறோம், அஞ்சரைக்கு வேன் ஏறிடறோம். அவங்க பொழுது சாஞ்சி சுட்டாங்க.”

“படிச்ச பொண்ணு மாதிரிப் பேசு.”

“படிச்சதாலதான் சார் கேக்கறேன். குடுக்கலன்னா, இருட்டுல பாக்காமத்தான் அனுப்புனோம்னு திங்கக்கெழம நானே போயி சொல்லுவேன்.”

ஞானம்பாள், “ஐயோ, பிரபா” என்றாள். பக்தவத்சலம் சன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஏரி நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது.

“சரி. மொட்டை மாடியில, என் கண்ணு முன்னால பாரு. பாத்துட்டு வாய மூடணும்.”

ஐப்பசி மாதம் வெளிச்சத்துக்கு அவசரம் அதிகம். வேன் போனதும் பொழுது பொசுக்கென்று இறங்கிவிட்டது. மழைக்கு பஸ் சரியில்லை என்று தங்கச்சியை அழைத்துப் போக டி.வி.எஸ். ஐம்பதில் வந்திருந்த ஏழுமலையையும் மேனேஜர் மேலே கூப்பிட்டார். அவன் படிக்கட்டுக் கதவோடு நின்றுவிட்டான். பெரிய ஆட்களைப் பார்த்தாலே விறைத்து நிற்கும் போலீஸ் உடம்பு, அன்று தொளதொளவென்று இருந்தது.

“இன்னாத்துக்கு இதெல்லாம்?” என்றான் தங்கச்சியிடம்.

“நீ பேசாத நில்லு.”

செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரயில் விளக்கு வரிசையாக நகர்ந்து மறைந்தது. பிரபாவதி தாங்கி வேண்டாமென்று கைப்பிடிச் சுவரின்மேல் துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் சைட்டை வைத்து, மூன்று விரல் இடைவெளியில் கண்ணைக் கொடுத்தாள். ஏரிக்கரையில் ஓர் ஆள் மாட்டோடு போனதை வெறும் கண்ணால் பார்த்திருந்தாள். அந்தப் பக்கம் திருப்பினாள்.

சிவப்பு. சிவப்பைத் தவிர ஒன்றும் இல்லை. அம்புக்குறி அம்பாகவே இல்லை, அடுப்பில் விழுந்த மிளகாய் மாதிரி கண்ணெல்லாம் எரிந்து பரவியது. கரை இல்லை, மாடு இல்லை, ஆள் இல்லை. கண்ணை எடுத்த பிறகும் பார்த்த இடமெல்லாம் பச்சையாய் ஒரு பொட்டு நகர்ந்தது.

நைனா இருந்தபோது விடியற்காலையில் கட்டுமரம் தள்ளும் நேரம் அவளுக்கு நினைவு வந்தது. எவனாவது புதுசாக வந்தவன் டார்ச்சை அடித்தால் நைனா கெட்ட வார்த்தையில் வைவார். “லைட்டு போட்டா கடல் பூடும்டா!” அணைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் கடல் திரும்பி வரும். அலை முதுகு தெரியும், மிதவை தெரியும். பிசிக்சில் இதை அவள் பக்கம் பக்கமாகப் படித்திருந்தாள். படித்ததும் பார்த்ததும் ஒன்றுதான் என்று டேப்பைச் சுற்றின அன்று மட்டும் மண்டையில் உறைக்காமல் போயிற்று.

நகத்தை நுழைத்து டேப்பின் முனையைக் கிளப்பினாள். பர்ரென்று பிரிந்து வந்தது. திருகை ஒன்றாம் படிக்குக் கொண்டுவந்து, கண்ணை மூடிக் காத்திருந்து, திரும்பப் பார்த்தாள். அணையப் போகிற பீடி நுனி போல ஒரு சிவப்பு. அதற்குப் பின்னால் கரை. கரைமேல் மாடு. மாட்டுக்குப் பக்கத்தில் அந்த ஆள் துண்டை உதறித் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான்.

“சார், வந்து பாருங்க. ஆளு தெரியறான். இப்ப ஆறாம் படிக்குத் திருப்பறேன். ஆளு கீறானா சொல்லுங்க.”

பக்தவத்சலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்ள வெகு நேரம் எடுத்துக்கொண்டார்.

“அடுத்த டிரயலுக்கு டேப் வேணாம். எல்லாத்தையும் பிரிச்சிடு” என்றார்.

“அப்ப எங்க அண்ணன்?”

“அதான் சொன்னேனே. ஒரு இன்கிரிமென்ட்...”

“பாக்காம சுட்டான்னுதான கேசு? பாக்கறதுக்கு இன்னா இருந்திச்சி சார் அதுல?”

“பிரபாவதி.” அவர் குரல் இறங்கியது. “டேப் சுத்தினோம்னு வெளிய போச்சின்னா இந்த ஆர்டர் போயிடும். ஆர்டர் போனா கம்பெனி போயிடும். கீழ உன்கூட உக்காந்து வேல செய்யற பொண்ணுங்கள நெனச்சிப் பாரு. டேப்பத்தான் எடுத்துட்டோமே, இனிமே ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகாது. தைக்கு உன்னைப் பர்மனென்ட் பண்றேன்.”

அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் அவளுக்கு எரிச்சல். ஞானம்பாளின் புருஷனுக்கு வேலை இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். சைட்டைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள். டேப் மட்டும் அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஏழுமலை ஏற்கெனவே படி இறங்கிப் போயிருந்தான்.

வண்டலூர் ரோட்டைப் பிடித்து அண்ணனும் தங்கச்சியும் கேளம்பாக்கம் வந்தார்கள். தூறல் ஊசியாகக் குத்தியது. கோவளம் தாண்டி ஈ.சி.ஆரில் வாடைக்காற்று வண்டியைத் தள்ளியது. வீட்டில் கன்னியம்மா வாளைக்கருவாட்டைச் சுட்டு, கத்திரிக்காயோடு குழம்பு கூட்டி வைத்திருந்தாள். கடல் கொந்தளிப்பாக இருந்ததால் நாலு நாளாகக் கட்டுமரம் எதுவும் கடலில் இறங்கவில்லை. கோவளம் ஏலத்தில் யாரோ விட்ட ஐஸ் மீனைத்தான் அவள் கூடையில் சுமந்துகொண்டிருந்தாள்.

“இன்னாடி, கேட்டுட்டியா?” மகள் முகத்தைப் பார்த்ததுமே கன்னியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

“கேட்டேன். பாத்தேன்.”

“நாசமாப் போச்சி. அந்த மேனேஜரு நம்ம பெருமாள் கோயிலுக்குக் கல்யாண வேண்டுதல் மாலை வாங்க வந்தப்ப ஒன்னிய பாத்து, பட்ச்ச பொண்ணாச்சேன்னு வேல குட்த்தாரு. அவுரு மூஞ்சிக்கு நேரா...”

“வேல குட்த்தாரு, கண்ண வாங்கிக்கலம்மா.”

ஏழுமலை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பிசைவதுதான், வாய்க்குப் போகவில்லை. ஒரு மாதமாக அப்படித்தான். தட்டு எடுக்கும்போது சோறு குழைந்து கூழாகியிருக்கும்.

“ண்ணா, அன்னிக்கி இன்னா தெரிஞ்சிச்சி? மறைக்காத சொல்லு.”

“செவப்பு.”

“அந்தாண்ட?”

“ஒண்ணியும் தெரியல. அட்ட இந்நேரம் இந்த எடத்துலதான் இருக்கும்னு ஒரு கணக்கு. சுட்டேன்.” அவன் நிமிர்ந்தான். “தெரியலன்னா சுடக்கூடாது, பிரபா. மொத நாளு டிரெயினிங்ல சொல்லிக்குடுக்கறதே அத்தான். கை என்னுது, ட்ரிகரு என்னுது. சைட்டு மேல பழியத் தூக்கிப் போட்டுட்டு நா நிம்மதியாத் துன்ன முடியுமா? நேத்து அந்தக் கெழவனப் பாக்கப் போனேன். சட்டப் பித்தான் போட முடியல அவனால. நா போட்டு வுட்டேன்.”

கன்னியம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். வெளியே அலை கரையில் விழுந்து இழுத்துக்கொண்டு போகும் சத்தம்.

“டேப்ப நீ பிரிச்சிருக்கலாமே” என்றாள் பிரபாவதி.

“கம்பெனி பொருளு, யாரும் கைய வைக்கக் கூடாதுன்னு ஆர்டரு. போலீசுல ஆர்டருன்னா இன்னான்னு தெரியுமா ஒனக்கு?”

“அந்த டேப்ப சுத்துனது நானு.”

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

“நீயா?”

“நாந்தான். இழுத்து இழுத்து சுத்துனேன். ஏன் சார், இருட்டுனா இன்னா பண்ணுவாங்கன்னு ஒரு வார்த்த கேக்கல. கேக்கக் கூடாதுன்னு எங்க ஆபீசுல. கை வைக்கக் கூடாதுன்னு ஒங்க ஆபீசுல. ரெண்டும் சேந்து கெழவன் தோளப் பிச்சிட்ச்சி.”

“இத்த யாராண்டயும் சொல்லாத.” ஏழுமலை அவசரமாகச் சொன்னான். எச்சில் கையாலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்தான். “என்னிய வுட்டுட்டு ஒன்ன புடிச்சிக்குவாங்க. எனக்கு ஒரு இன்கிரிமென்ட்டோட போவும். ஒனக்கு எவன் வேல குடுப்பான்? நா பேஜாரு இல்லாம முடிச்சிக்கறேன்.”

“முடிச்சிப்பே. அப்பறம் எவனாவது ஒரு பெரிய மனுசன் லைட்டு பத்தலன்னுவான். வேற ஒருத்தி வேற ஒரு டேப்ப சுத்துவா. வேற ஒரு முனிசாமி எந்திரிப்பான்.”

“அதுக்கு நீ இன்னா ஊருக்கு வக்கீலா?” கன்னியம்மா வெடித்தாள். “ஒருத்தன் வேலதான் ஆடுது, நீயும் போயி வுழறேன்ற. நா இன்னும் எத்தினி வருசம்டி கூட சொமப்பேன்? கழுத்து நரம்பு இழுக்குது.”

பிரபாவதி அம்மாவின் பின்கழுத்தில் நரம்பு புடைத்து நிற்பதைப் பார்த்தாள். பார்க்கத்தான் முடிந்தது. பட்டம் வாங்கின அன்று அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டு இனிமேல் நீ கூடை தூக்கக் கூடாது என்று சொன்னவள் அவள்தான்.

எழுந்து போய் அண்ணன் தட்டுக்கு எதிரே குந்தினாள்.

“நீ சுட்டது தப்புதான் ண்ணா. நா இல்லேங்கல. அத்த நீ போயி சொல்லு. டேப்ப நா சொல்றேன். ரெண்டும் அவங்க முன்னாடி கெடக்கட்டும். ஒண்ண மறைச்சி ஒண்ண சொன்னா, நீ பாத்தியே அந்தச் செவப்பு, அத்தான் அது. அது மட்டுந்தான் தெரியும். அந்தாண்ட இருக்கற ஆளு தெரியமாட்டான்.”

ஏழுமலை ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்து, மெல்லாமல் வைத்துக்கொண்டிருந்தான்.

சனியும் ஞாயிறும் மழை. கூரையில் ஓலை பிரிந்த இடத்தில் ஏழுமலை தார்ப்பாய் போட்டான். பேச்சு உப்பு, தண்ணி, அடுப்பு என்பதோடு நின்றது. ஞாயிறு சாயங்காலம் பக்கத்துத் தெரு போன் பூத்துக்கு பக்தவத்சலம் போன் பண்ணிப் பிரபாவதியைக் கூப்பிட்டார். காதில் வாங்கிக்கொண்டு, “சரிங்க சார், தெரியுதுங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். என்ன சொன்னார் என்று அம்மா கேட்கவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்பதை வேறு எப்படித்தான் சொல்வார்கள்?

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. ஏழுமலை விடியுமுன்னே சீருடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிப் போயிருந்தான். தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. சோற்றைத் தின்றிருக்கிறான் என்று கன்னியம்மா பானையை இரண்டு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

பிரபாவதி குளித்து, தலை வாரி, மாடக்குழியில் கைவிட்டாள். மை டப்பாவின் மூடி உப்புக் காற்றில் பிடித்துப்போயிருந்தது. புடவை முந்தியால் பிடித்துத் திருகித் திறந்தாள். மை காய்ந்து வெடித்திருக்க, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்து, கண்ணாடித் துண்டில் பார்த்து, மேலும் கீழும் அழுத்தித் தீட்டினாள்.

கூடையைத் துடைத்துக்கொண்டிருந்த கன்னியம்மா அந்தக் கண்ணைப் பார்த்தாள். பார்த்ததும் கைத்துணி கூடைக்குள்ளேயே நின்றது.

“டிபன் கட்டவா?” என்றாள் கடைசியில்.

“வாணாம்மா. வர்றதுக்கு எந்நேரம் ஆவுமோ.”

“மை அப்பிக்கினு இருக்குது பாரு வலது கண்ணுல. தொட.”

“இருக்கட்டும்.”

பிரிக்கும்போது உள்ளங்கையில் ஒட்டி வந்த டேப்பை ஒரு காகிதத்தில் ஒட்டிக் கைப்பையில் வைத்திருந்தாள். அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வாசல் இறங்கினாள். மழையில் இறுகின மணல் காலுக்குக் கெட்டியாக இருந்தது. வலை பிரிக்கும் பையன்கள் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு இன்றைக்கு எதுவும் கேட்கவில்லை. ஊரப்பாக்கத்துக்குப் போக, தினமும் ஈ.சி.ஆரைத் தாண்டி எதிர்ப்பக்கம் கோவளம் பஸ்ஸுக்கு நிற்பாள்.

அன்று அவள் ரோட்டைத் தாண்டவில்லை. மாமல்லபுரம் போய்ச் செங்கல்பட்டுக்கு மாறுகிற பஸ் இந்தப் பக்கம்தான் வரும்.